எல்லையோரத்தில் முழு கீபோர்டு போன்: ஒப்பிட்டு வாங்க ஒரு முழுமையான வழிகாட்டி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், தமிழ்நாடு-கேரள எல்லையில் இருக்கும் நமக்கு ஒரே நாளில் மூன்று மொழியில் மெசேஜ் போகும். பொள்ளாச்சியில் இருக்கும் மாமாவுக்குத் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸ் வேலைக்கு மலையாளம், கோயம்புத்தூர் கம்பெனிக்கு ஆங்கிலம். பால் சொசைட்டியில் கணக்கு எழுதுகிறவர், லாரி புக்கிங் பார்க்கிறவர், காய்கறி மண்டியில் விலை அனுப்புகிறவர் எல்லோருக்கும் நாள் முழுக்க டைப் அடிக்கிற வேலை. ஈரக்கையோடு கண்ணாடித் திரையைத் தொட்டால் ஒன்று அடிக்க ஒன்று விழுகிறது. அதனால்தான் ஆங்கிலக் கீபோர்டு முழுவதும் பட்டனாக இருக்கிற போன் இன்னும் கிடைக்குமா என்று இங்கே பலரும் கேட்கிறார்கள்.

கிடைக்கும். ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கும்போது பெரும்பாலானவர்கள் வரிசையைத் தலைகீழாகப் போடுகிறார்கள். முதலில் பட்டனை அழுத்திப் பார்த்து மயங்கி, அப்புறம் கேமரா பார்த்து, விலை பேசி, வீட்டுக்கு வந்த பிறகுதான் சிம் போடுகிறார்கள். நான் சொல்லும் வரிசை வேறு: முதலில் சிக்னல், பிறகு தமிழ் தெரிகிறதா, பிறகு தமிழ் அடிக்க வருகிறதா, அதற்கும் பிறகுதான் விரலுக்கு எப்படி இருக்கிறது என்பது. இந்த வரிசையில் போனால் பாதி மாடல்கள் முதல் இரண்டு படியிலேயே கழிந்துவிடும். மீதி இருப்பதை நிதானமாக ஒப்பிடலாம்.

படி 1: எந்த மெசேஜ் என்று முடிவு செய்யுங்கள்

'மெசேஜ் அனுப்ப ஒரு போன்' என்றால் போதாது. எஸ்எம்எஸ் மட்டுமா, வாட்ஸ்அப்பும் வேண்டுமா என்பதில்தான் பாதை இரண்டாகப் பிரிகிறது.

வாட்ஸ்அப் வேண்டும் என்றால் பழைய நோக்கியா, பழைய பிளாக்பெர்ரி எல்லாவற்றையும் இப்போதே ஒதுக்கிவிடலாம். நோக்கியா ஈ63, ஈ71, ஈ72 போன்ற சிம்பியன் எஸ்60 செட்டுகளுக்கு வாட்ஸ்அப் 2017 ஜூனோடு நின்றது. போல்டு, கர்வ் முதல் கியூ10, கிளாசிக், பாஸ்போர்ட் வரையிலான பிளாக்பெர்ரிகளுக்கு 2017 டிசம்பரோடு நின்றது. சி3, ஆஷா வகை எஸ்40 செட்டுகளுக்கு 2018 டிசம்பரோடு நின்றது. இவற்றில் வாட்ஸ்அப் போட்டுத் தருகிறேன் என்று கடைக்காரர் எவர் சொன்னாலும் நம்ப வேண்டாம். 2018-ல் 2,999 ரூபாய்க்கு வந்த ஜியோபோன் 2-ம் முழு கீபோர்டு செட்டுதான். ஆனால் அது ஜியோ சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டது, அதில் ஓடும் கைஓஎஸ்ஸில் 2024 ஜூனுக்குப் பிறகு வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்கவும் வழியில்லை. ஆகவே வாட்ஸ்அப் வேண்டுமென்றால் ஆண்ட்ராய்டில் ஓடும் கீபோர்டு போன் ஒன்றுதான் வழி.

எஸ்எம்எஸ்ஸும் பேச்சும் போதும், இணையமே வேண்டாம் என்கிறவர்களுக்குப் பழைய செட்டு இன்றைக்கும் நல்ல துணை. ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: 2022 ஜனவரி 4-ஆம் தேதி பிளாக்பெர்ரி நிறுவனம் தன் பழைய இயங்குதளங்களுக்கான சேவையை நிறுத்தியது. அதன் பிறகு அந்த செட்டுகளில் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும்கூட நம்பகமாக நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அவர்களே அறிவித்துவிட்டார்கள். ஆண்ட்ராய்டில் ஓடிய பிளாக்பெர்ரிகள் இந்தப் பட்டியலில் இல்லை. எஸ்எம்எஸ்ஸுக்காகப் பழைய செட்டு தேடுகிறவர்கள் நோக்கியா பக்கம் போவதே மேல்.

படி 2: சிம்மையும் டவரையும் பொருத்திப் பாருங்கள்

ஜியோவுக்கு 2ஜி, 3ஜி கிடையவே கிடையாது. பேச்சுகூட 4ஜி வழியாக, வோல்ட்டி முறையில்தான் போகும். அதனால் நோக்கியா சி3-ல் ஜியோ சிம் போட்டால் ஒரு கோடுகூட வராது. ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா), பிஎஸ்என்எல் சிம்களில் 2ஜி இன்னும் ஓடுவதால் பழைய செட்டில் பேசலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம். ஈ71, ஆஷா 302 போன்றவற்றின் பெட்டியில் 3ஜி என்று போட்டிருப்பதைப் பார்த்துக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். ஏர்டெல் 2020-லேயே 3ஜியை நிறுத்திவிட்டது, மற்ற இடங்களிலும் பெரும்பாலும் மூடியாயிற்று. அந்த செட்டுகள் நம் கையில் 2ஜி செட்டாகத்தான் ஓடும்.

ஆண்ட்ராய்டு செட்டு என்றால் கேள்வி வேறு. 4ஜி என்பது ஒரே அலைவரிசை இல்லை, பல பேண்டுகள். ஜியோவுக்கு 3, 5, 40. ஏர்டெலுக்கு 1, 3, 8, 40. விக்கு 1, 3, 8, 41. பிஎஸ்என்எல் 4ஜிக்கு முக்கியமாக 1, 28. கல்ஃபிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த செட்டில் இவற்றில் ஒன்றிரண்டு இல்லாமல் போகலாம். ஜியோக்காரர் 5-ஐயும், பிஎஸ்என்எல்காரர் 28-ஐயும் கட்டாயம் கேளுங்கள். இரண்டுமே தாழ்ந்த அலைவரிசைகள், தூரம் போகும், சுவர் தாண்டி உள்ளே வரும். தென்னந்தோப்புக்கு நடுவில் வீடு இருந்தால் அந்த பேண்டுதான் கை கொடுக்கும்.

பேண்டு சரியாக இருந்தும் வோல்ட்டி திறக்காத செட்டுகள் உண்டு. இன்டர்நெட் பறக்கும், ஆனால் யாரையும் கூப்பிட முடியாது. இதைக் காகிதத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. உங்கள் சிம்மைப் போட்டு, கடைக்காரர் நம்பருக்கே ஒரு கால் போட்டு, கால் நடக்கும்போது மேலே 4ஜி குறி நிற்கிறதா என்று பாருங்கள். 2ஜிக்கு இறங்கினால் அந்த செட்டில் வோல்ட்டி வேலை செய்யவில்லை. ஜியோவில் கால் கிளம்பவே கிளம்பாது.

படி 3: தமிழும் மலையாளமும் ஒழுங்காகத் தெரிகிறதா?

பழைய செட்டுகளில் தமிழ் மெசேஜ் வந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். இன்னும் சிலவற்றில் எழுத்து தெரியும், ஆனால் சேராது. 'கொ' என்பதில் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், 'ஸ்ரீ' நாலு துண்டாகச் சிதறும். இந்திய மொழிகளுக்காக ஐஎஸ் 16333 என்ற தர விதி இருக்கிறது. நம் நாட்டில் விற்கும் செட்டு எல்லா அலுவல் மொழிகளையும் காட்ட வேண்டும், ஆங்கிலம், இந்தியோடு இன்னொரு இந்திய மொழியிலும் எழுத வசதி தர வேண்டும் என்பது அதன் சாரம். அது நடைமுறைக்கு வந்ததே 2017-18 வாக்கில்தான். அதற்கு முன் வந்த செட்டுகளையும், வெளிநாட்டிலிருந்து நேராக வந்தவற்றையும் நம் கண்ணால் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

சோதிப்பது சுலபம். கடையில் நிற்கும்போதே வீட்டிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். அதில் கொ, கௌ, க்ஷ, ஸ்ரீ நாலும் இருக்கட்டும். மலையாளத்துக்கும் ஒரு சோதனை வேண்டும், ஏனென்றால் நமக்கு வரும் மெசேஜில் பாதி மலையாளம். மலையாளத்தில் ன், ர், ல், ள், ண் ஓசைகளுக்கு சில்லு என்று தனி எழுத்துகள் உண்டு. அவை யூனிகோடு என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் தனி இடம் பெற்றது 2008-ல் வந்த 5.1 பதிப்பில்தான். ஈ63, ஈ71 எல்லாம் அதே 2008-ல் வந்த செட்டுகள். மலையாளம் காட்டும் பழைய செட்டில்கூட சில்லு வரும் இடத்தில் மட்டும் ஓட்டை விழுவது இதனால்தான். நம் பாலக்காட்டுச் சித்தூரில் இருக்கும் சேட்டனிடம் ஒரு நாலு வரி அனுப்பச் சொல்லி, சொற்கள் முடியும் இடங்களைப் பாருங்கள்.

எஸ்எம்எஸ்காரர்களுக்கு ஒரு கணக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழிலோ மலையாளத்திலோ ஒரே ஒரு எழுத்து நுழைந்தாலும் மொத்தமும் 70-க்குச் சுருங்கிவிடும். அந்த 70-ம் நாம் எண்ணுகிற 70 எழுத்து இல்லை. புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்காகும். 'க்' என்றால் இரண்டு, 'ஸ்ரீ' என்றால் நாலு.

'அண்ணா, நாளை காலை 6 மணிக்கு லாரி வேலந்தாவளம் செக்போஸ்ட் வந்துவிடும்' என்று அனுப்பினால் இடைவெளி சேர்த்து 66. ஒரு எஸ்எம்எஸ்ஸில் அடங்கிவிடும். கடைசியில் 'சரியா?' என்று சேர்த்தால் 73 ஆகி இரண்டு எஸ்எம்எஸ் காசு போகும். அதுவும் இரண்டாகப் பிரியும்போது ஒவ்வொன்றிலும் 67 தான், மீதி மூன்று இடம் துண்டுகளைக் கோக்கிற குறிப்புக்குப் போய்விடும். அதனால் எத்தனை எழுத்து மிச்சம், எத்தனையாவது எஸ்எம்எஸ் என்று அடிக்கும்போதே மேலே காட்டுகிற செட்டாகப் பாருங்கள். நோக்கியாவின் பழைய செட்டுகள் இதை அழகாகக் காட்டும். தினமும் நாற்பது ஐம்பது எஸ்எம்எஸ் போடுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

படி 4: தமிழ் அடிக்க வருகிறதா? இதற்குத்தான் அதிக நேரம் கொடுங்கள்

ஆங்கில எழுத்திலேயே தமிழ் அடித்துப் பழகியவர்கள் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். 'நாளெ வருமோ' என்று மலையாளத்தையும் ஆங்கில எழுத்திலேயே அடிப்பவர்களுக்கு எந்த கீபோர்டும் ஒன்றுதான். தமிழ் எழுத்திலேயே அனுப்ப வேண்டும் என்கிறவர்கள் இங்கே பொறுமையாக நிற்க வேண்டும். பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் மெசேஜ் போடுகிறவர்கள் தமிழ் எழுத்தை விடக்கூடாது என்பது என் எண்ணம்.

கம்ப்யூட்டரில் தமிழ்99 என்ற கீபோர்டு முறையில் அடித்துப் பழகியவர்கள் போன் கீபோர்டைப் பார்த்ததும் 'இதுவும் அதே கீபோர்டுதானே' என்று நினைப்பார்கள். அதே இல்லை. கம்ப்யூட்டர் கீபோர்டில் 26 எழுத்து கீக்கு வலப்பக்கம் அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள், சாய்கோடு என்று இன்னும் சில கீ உண்டு. தமிழ்99-ல் ச, ஞ, ந, ய, ழ ஐந்தும் உட்கார்ந்திருப்பது அந்தக் கீகளில்தான். போனில் அந்தக் கீகளே கிடையாது. எழுத்துகள் பி-யோடும் எல்-லோடும் எம்-மோடும் முடிந்துவிடும். ஆகவே தமிழ்99-ஐ அப்படியே போட்டால் 'ஞாயிற்றுக்கிழமை சந்தை நல்லாயிருந்துச்சா?' என்ற வாக்கியத்தில் தொட்ட இடமெல்லாம் தட்டும். அந்த ஐந்து எழுத்தும் அதில் இருக்கின்றன. சோதிக்க இதே வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள். இன்ஸ்கிரிப்ட் என்ற இன்னொரு கீபோர்டு முறையிலும் இதே கதை, அங்கே ச, ட இரண்டும் விளிம்புக் கீகளில் இருக்கின்றன. சில ஆப்கள் இந்த எழுத்துகளை ஆல்ட் கீயோடு சேர்த்து வேறு கீக்கு மாற்றித் தரும். அப்படி இருந்தால் பழகிக்கொள்ளலாம்.

26 கீக்குப் பொருந்துவது ஒலிபெயர்ப்பு முறைதான். ஆங்கில ஒலியில் அடித்தால் தமிழாக மாறும் முறை, அதில் 'அஞ்சல்' என்ற அமைப்பு பலருக்கும் பழக்கமானது. ஆனால் இதில் ஷிப்ட் கீ உயிர்நாடி. சின்ன எல் என்றால் ல, பெரிய எல் என்றால் ள. சின்ன ஆர் ர, பெரிய ஆர் ற. சின்ன என் ன, பெரிய என் ண. ஒரு வரித் தமிழுக்கு மூன்று நாலு முறை ஷிப்ட் அடிக்க வேண்டி வரும். ஆங்கிலம் அடிக்கிறவருக்கு ஷிப்ட் எங்கே இருந்தாலும் கவலை இல்லை, ஏனென்றால் வாக்கியத் தொடக்கத்தில் பெரிய எழுத்து தானாக வந்துவிடும். நமக்கு அப்படி இல்லை. கீபோர்டு போன்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆங்கிலத்தை வைத்தே பேசுவதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

இந்த ஒரு அளவுகோலில் பிளாக்பெர்ரி கீஒன்னும் கீ2-வும் எப்படி மாறுகின்றன பாருங்கள். 2017-ல் வந்த கீஒன்னில் கடைசி வரிசையின் இரண்டு ஓரத்திலும் ஷிப்ட் உண்டு. எந்தக் கட்டைவிரல் சும்மா இருக்கிறதோ அது ஷிப்ட்டைத் தட்டும், மற்றது எழுத்தை அடிக்கும். 2018-ல் வந்த கீ2-வில் வலப்பக்க ஷிப்ட்டை எடுத்துவிட்டு ஸ்பீட் கீ என்ற குறுக்குவழிக் கீயை வைத்தார்கள். மற்ற எல்லாவற்றிலும் கீ2 ஒரு படி மேலே, ஆனால் ஒலிபெயர்ப்பில் தமிழ் அடிக்கிறவருக்கு கீஒன்னின் இரட்டை ஷிப்ட் வசதி. ஷிப்ட்டை ஒரு முறை தட்டிவிட்டு அடுத்த எழுத்தை அடித்தால் பெரிய எழுத்து விழுகிறதா என்றும் பாருங்கள். அழுத்திப் பிடித்தே அடிக்க வேண்டிய செட்டு நாள் முழுக்க அடிக்கிறவருக்கு ஆகாது.

அப்புறம், ஆண்ட்ராய்டில் ஒரு சிக்கல். திரையில் தோன்றும் கீபோர்டில் தமிழ் அருமையாக வரும் ஆப், பட்டனை அழுத்தினால் வெறும் ஆங்கிலத்தைத் தரக்கூடும். ஆப்பின் விளம்பரத்தில் தமிழ் என்று இருப்பது திரைக் கீபோர்டுக்கு மட்டுமாக இருக்கலாம். எனவே கடையில் செய்ய வேண்டியது: நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் தமிழ் ஆப்பை அந்த செட்டில் இறக்குங்கள், அமைப்புகளில் அதை முதன்மைக் கீபோர்டாக வையுங்கள், பிறகு திரையைத் தொடாமல் பட்டனில் மட்டும் அந்த ஞாயிற்றுக்கிழமை வாக்கியத்தை அடியுங்கள். பிறகு மலையாளத்துக்கு மாறி ஒரு வரி. மொழி மாற்ற எத்தனை கீ அழுத்த வேண்டியிருக்கிறது என்பதையும் கவனியுங்கள். ஒன்று அல்லது இரண்டுக்கு மேல் போனால் மூன்று மொழிக்காரருக்குச் சரிப்படாது.

பட்டனில் தமிழ் வரவே இல்லை என்றால் கடைசி வழி ஒன்று உண்டு. அமைப்புகளில் மொழி, உள்ளீடு பகுதிக்குப் போய், பட்டன் கீபோர்டு இருக்கும்போதும் திரைக் கீபோர்டைக் காட்டு என்பதை இயக்கினால் தமிழைத் திரையில் அடிக்கலாம். ஆனால் ஏற்கெனவே பாதி முகம் பட்டனுக்குப் போன செட்டில் மீதித் திரையிலும் பாதியை இது விழுங்கும். யூனிஹெர்ட்ஸ் டைட்டன் பாக்கெட் போன்ற 3.1 அங்குலச் சதுரத் திரையில் எதிராளி எழுதியதே தெரியாமல் போய்விடும். கீ2-வின் 4.5 அங்குலத்தில் சமாளிக்கலாம்.

படி 5: விரலால் ஒப்பிடுங்கள்

இங்கேதான் ஆளுக்கு ஆள் மாறும். மாடல் மாடலாக நான் பார்க்கிறது இப்படி.

நோக்கியா ஈ71-இன் உடல் உலோகம், மெலிவு, கையில் பிடித்தால் விட மனம் வராது. கீகள் சின்னது, நடுவில் மேடு போட்டிருப்பதால் பக்கத்துக் கீயில் விரல் வழுக்காது. பெரிய கட்டைவிரல்காரருக்கு நெருக்கம்தான். ஈ63 பிளாஸ்டிக், கொஞ்சம் அகலம், அடிக்க இன்னும் நிம்மதி. எஸ்எம்எஸ் மட்டும் என்றால் ஈ63-ஐத்தான் நான் சொல்வேன். 2010-ல் வந்த சி3 எளிய செட்டு. 2ஜி மட்டும், ஆனால் கீகள் மெத்தென்று இருக்கும். இரண்டு சிம் வேண்டும் என்றால் ஆஷா 200 இருக்கிறது. தமிழ்நாட்டு நம்பர் ஒன்று, கேரள நம்பர் ஒன்று வைத்திருக்கும் நம்மில் பலருக்கு அது பெரிய விஷயம்.

கீஒன், கீ2 இரண்டிலும் கீ வரிசைகளுக்கு இடையே மெல்லிய உலோகப் பட்டை ஓடும். விரல் வரிசை மாறாமல் இருக்க அது வழிகாட்டும். கீஒன்னில் கீகள் பளபளப்பாக இருக்கும். கீ2-வில் மங்கல் பூச்சு, கீயின் உயரமும் கூடுதல். ஈரக்கைக்கு கீ2 மேல். இரண்டிலும் கீபோர்டின் மேற்பரப்பே தொடுதிரை மாதிரி வேலை செய்யும். அழுத்தாமல் தடவினால் பக்கம் நகரும், மேலே காட்டும் மூன்று யூகச் சொற்களில் ஒன்றை அதன் அடியில் இருக்கும் கீயிலிருந்து மேல்நோக்கித் தள்ளினால் அந்தச் சொல் உட்காரும். ஸ்பேஸ் கீயிலேயே கைரேகை. ஒவ்வொரு எழுத்துக் கீக்கும் குட்டியாக ஒரு அழுத்து, நீளமாக ஒரு அழுத்து என்று 52 குறுக்குவழி வைக்கலாம். உள்ளே கீஒன்னில் ஸ்னாப்டிராகன் 625, 3 ஜிபி ராம் (இந்தியாவில் வந்ததில் 4 ஜிபி), கீ2-வில் 660, 6 ஜிபி ராம். இன்றைய வாட்ஸ்அப்புக்கு 3 ஜிபி திணறும். இந்தியாவில் கீஒன் 39,990 ரூபாய்க்கும் கீ2 42,990 ரூபாய்க்கும் வந்தன. இப்போது செகண்ட் ஹேண்ட் மட்டும்தான்.

இவற்றில் குறை என்றால் வயது. இந்த செட்டுகளைச் செய்த டிசிஎல்லுக்கும் பிளாக்பெர்ரிக்கும் இருந்த ஒப்பந்தம் 2020 ஆகஸ்ட்டோடு முடிந்தது. இரண்டும் ஆண்ட்ராய்டு 8-ஐத் தாண்டவில்லை. வாட்ஸ்அப் ஓடும். பேங்க் ஆப்கள் பழைய ஆண்ட்ராய்டை ஒவ்வொன்றாகக் கைவிட்டு வருகின்றன. பணம் அனுப்புகிற வேலையை இதில் வைக்காமல் வீட்டில் இருக்கும் டச் போனில் வைப்பது பாதுகாப்பு.

புதிதாக வேண்டும் என்கிறவர்களுக்கு யூனிஹெர்ட்ஸ். 2019-ல் வந்த முதல் டைட்டன் 6000 எம்ஏஎச் பேட்டரியோடு 300 கிராமுக்கு மேல், சட்டைப் பையில் போட்டால் பை தொங்கும். டைட்டன் பாக்கெட் சின்னது, ஸ்லிம் நீளமானது, 2025-ல் வந்த டைட்டன் 2-வுக்கு 4.5 அங்குலச் சதுரத் திரை, 5ஜி, ஆண்ட்ராய்டு 15. இவை வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். சுங்க வரி சேரும், பழுதானால் பக்கத்தில் சர்வீஸ் கிடையாது. டைட்டன், பாக்கெட் மாடல்களில் ஸ்பேஸ் கீ கடைசி எழுத்து வரிசைக்கு நடுவிலேயே உட்கார்ந்திருக்கும், அதனால் எழுத்துகள் இரண்டு பக்கமும் தள்ளிப் போயிருக்கும். பிளாக்பெர்ரியில் பழகிய கைக்கு முதலில் தடுமாறும், போகப் போகப் பழகும். பணம் இருந்து, பல வருஷம் ஓட வேண்டும் என்று நினைப்பவர் டைட்டன் 2-வைப் பார்க்கலாம்.

2015-ல் வந்த பிரிவ் மாதிரி தள்ளித் திறக்கும் செட்டுகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. திரைக்கும் பலகைக்கும் நடுவே ஓடும் ஸ்ட்ரிப் என்ற பட்டை வயர், திறந்து மூடித் திறந்து மூடி ஒரு நாள் அறும். அதற்குப் பாகம் தேடுவது பெரும் பாடு. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு 2024-ல் கிளிக்ஸ் என்ற கீபோர்டு உறை வந்தது, பிறகு சில ஆண்ட்ராய்டு மாடல்களுக்கும் வந்தது. போனை மாற்றாமல் பட்டன் கிடைக்கும், ஆனால் போன் முழங்கை நீளத்துக்குப் போய்விடும். உங்கள் மாடலுக்கென்றே செய்தது கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

படி 6: செகண்ட் ஹேண்ட் செட்டைச் சோதிப்பது

கோயம்புத்தூர் காந்திபுரம், உக்கடம் பக்கமும் பாலக்காடு டவுனிலும் பழைய செட்டு கிடைக்கும். கல்ஃபிலிருந்து திரும்பியவர்கள் வீட்டு அலமாரியில் நல்ல செட்டுகள் தூங்குகின்றன, கீயில் அரபு எழுத்தும் அச்சிட்டிருப்பதால் பலரும் வேண்டாம் என்று விடுவார்கள். அரபு எழுத்து இருந்தாலும் ஆங்கில எழுத்து பக்கத்திலேயே இருக்கும், அடிக்க எந்தக் குறையும் இல்லை. விலையும் குறைத்துப் பேசலாம்.

முதலில் *#06# அடித்து ஐஎம்இஐ எண்ணை எடுங்கள். பெட்டியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தையும் ஒரு இடைவெளியையும் அந்த 15 இலக்க எண்ணையும் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் செட்டின் விவரம் வரும். தடை செய்யப்பட்டது, போலி, ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று வந்தால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

அப்புறம் கீபோர்டு. கீக்கு அடியில் மெல்லிய உலோகக் கும்மட்டங்கள் இருக்கும், அழுத்தும்போது 'டிக்' என்று கேட்பது அதுதான். வேர்வையும் மழைக்காலத்து ஈரமும் அதில் களிம்பு ஏற்றும். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழையைப் பல வருஷம் பார்த்த செட்டில் இது சகஜம். குறிப்பு எழுதும் பக்கத்தைத் திறந்து, ஏ முதல் இசட் வரை ஒவ்வொரு கீயையும் மூன்று மூன்று முறை, ஒரு முறை நடுவில், ஒரு முறை இடது ஓரத்தில், ஒரு முறை வலது ஓரத்தில் அழுத்துங்கள். மூன்று விழ வேண்டிய இடத்தில் இரண்டு விழுந்தால் கும்மட்டம் போயிருக்கிறது. நாலு விழுந்தால் கீ இரட்டிக்கிறது. அது இன்னும் மோசம், ஏனென்றால் ஒலிபெயர்ப்பில் ஒரு எழுத்து இரட்டித்தால் 'அவன்' 'அவ்வன்' ஆகிவிடும். இ, ஏ, என், ஸ்பேஸ், பேக்ஸ்பேஸ் ஆகிய கீகளைக் கூடுதலாகச் சோதியுங்கள், முதலில் தேய்வது அவைதான்.

பேட்டரி: நோக்கியா பழைய செட்டு என்றால் கவலை இல்லை. ஈ63, ஈ71-க்கு பிபி-4எல், சி3-க்கு பிஎல்-5ஜே, கழற்றி மாட்டலாம். பேட்டரியை மேசையில் வைத்துச் சுழற்றிப் பாருங்கள், சுழன்றால் உப்பியிருக்கிறது. கீஒன், கீ2, டைட்டன் எல்லாம் உள்ளே மூடப்பட்ட பேட்டரி. பின்பக்கம் வீங்கியிருக்கிறதா, சார்ஜில் போட்டால் சூடு ஏறுகிறதா என்று பாருங்கள். கீஒன்னில் திரை ஓரம் கழன்று எழுகிற குறை வெளிவந்த 2017-லேயே பேசப்பட்டது, பிறகு பசையைக் கூட்டினார்கள். திரையின் விளிம்பில் நகத்தை ஓட்டினால் எழுந்திருப்பது தெரியும்.

படி 7: வாங்கியதும் செய்ய வேண்டியது

எல்லையோரத்தில் இருக்கிற நமக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. தமிழ்நாடும் கேரளாவும் வேறு வேறு தொலைத்தொடர்பு வட்டங்கள். வீட்டு முற்றத்தில் நின்றால் கேரள டவர், பின்பக்கம் போனால் தமிழ்நாட்டு டவர் என்று போன் மாறி மாறித் தேடிக்கொண்டே இருக்கும். இப்படித் தேடுவதிலேயே சார்ஜ் கரையும், மாறுகிற நேரத்தில் வரும் ஓடிபி தாமதமாகும். நாள் முழுக்க ஒரே இடத்தில் இருக்கிறவர்கள் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி, வீட்டில் நன்றாக எடுக்கும் டவரை நிறுத்திவிடுங்கள். பழைய நோக்கியாவிலும் ஆண்ட்ராய்டிலும் இந்த வசதி உண்டு. பொள்ளாச்சிக்கோ பாலக்காட்டுக்கோ கிளம்பும்போது மறக்காமல் தானியங்கிக்குத் திருப்புங்கள், இல்லாவிட்டால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தாண்டியதும் சிக்னலே இருக்காது.

அடிக்கடி அனுப்பும் வாக்கியங்களைச் சுருக்கமாக வையுங்கள். ஆண்ட்ராய்டில் தனிப்பட்ட அகராதிக்குள் போய், இரண்டு ஆங்கில எழுத்துக்கு ஒரு முழுத் தமிழ் வாக்கியத்தைக் கொடுக்கலாம். பால் வண்டி வந்துவிட்டது, பணம் கிடைத்தது, நாளை வருகிறேன் என்பவற்றுக்கு இது போதும். பழைய நோக்கியாவில் இதற்கே மாதிரி மெசேஜ்கள் பகுதி இருக்கிறது. கீஒன், கீ2 வாங்கியவர்கள் எழுத்துக் கீகளின் நீள அழுத்தில் ஆட்களை வைத்துக்கொள்ளுங்கள். எம் அழுத்தினால் மண்டி, எஸ் அழுத்தினால் சொசைட்டி, ஏ அழுத்தினால் அக்கா வீடு.

பழைய செட்டில் எண்களும் மெசேஜும் செட்டோடு போய்விடும். எண்களை சிம்மிலும் ஒரு படி வையுங்கள். ஆண்ட்ராய்டு என்றால் கூகுள் கணக்கில் சேர்த்துவிடுங்கள். கழற்றும் பேட்டரி செட்டு வாங்கினால் அன்றைக்கே இன்னொரு பேட்டரியும் வாங்கிவிடுங்கள், அந்த மாடலுக்கு நல்லது கிடைப்பது வருஷா வருஷம் குறைந்துகொண்டே வருகிறது. மழைக்காலத்தில் கீபோர்டு நனைந்தால் உடனே அணைத்து, பேட்டரியைக் கழற்றி, பட்டன் பக்கம் கீழே இருக்கும்படி சாய்த்து, மின்விசிறிக் காற்றில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். அடுப்புப் பக்கமோ வெயிலிலோ வைத்தால் கீக்கு அடியில் இருக்கும் ரப்பர் நெளிந்துவிடும், அப்புறம் அந்தக் கீ மேலே எழும்பாது.